61 நாள் தடையும் 90 நாள் கணக்கும்

ஒரு கடனின் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றுவிட்டால், வங்கி அதை வாராக்கடன் என்று வகைப்படுத்த வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நெல்லுக்கோ மிளகாய்க்கோ வாங்கிய பயிர்க்கடன் என்றால் இந்தக் கணக்கு நாளை விட்டுப் பருவத்துக்கு மாறிவிடும். குறுகிய காலப் பயிருக்கு இரண்டு பருவமும் நீண்ட காலப் பயிருக்கு ஒரு பருவமும் பொறுத்துப் பார்க்கலாம் என்று விதியே இடம் தருகிறது. மீன்பிடி போன்ற சார்புத் தொழில்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஊரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவருக்கு எந்த அளவோ அதே 90 நாள்தான் படகு வைத்திருப்பவருக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது என்பது இன்னொரு விதி. இந்த இரண்டு விதிகளையும் எழுதியவர்கள் வேறு வேறு அலுவலகங்களில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். இராமநாதபுரம் கரையில் வங்கிக் கிளைகளின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்கள்தான் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க நேர்ந்தது.

ஏப்ரல் 10-ஆம் தேதி கட்ட வேண்டிய இஞ்சின் கடன் தவணை ஒன்று தவறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஐந்தே நாளில் தடை தொடங்கிவிடும். தடை முடிந்து படகு இறங்கும்போது 66 நாள் ஓடிப் போயிருக்கும். 90-ஆவது நாள் ஜூலை 9. படகு இறங்கும் நாளையும் சேர்த்து எண்ணினால் இடையில் இருப்பது 25 நாள். பாக் நீரிணையில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாளும் நாட்டுப்படகுக்கு நான்கு நாளும் என்ற ஏற்பாடு இருப்பதால், அந்த 25 நாளில் இராமேசுவரத்து விசைப்படகு கடலுக்குப் போகக்கூடியது பத்துப் பதினோரு நாள். காற்று எச்சரிக்கை வந்தால் மீன்துறை கடலுக்குப் போகும் அனுமதி டோக்கனைக் கொடுக்காது, அந்த நாளும் போய்விடும். எஞ்சிய நாள்களின் பாட்டிலிருந்து, அதாவது பிடித்த மீனின் வரவிலிருந்து, டீசல், ஐஸ், ஆள் பங்கு எல்லாம் கழித்து, நின்றுபோன தவணைகளையும் சேர்த்துக் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் அவர் பெயர் கடன் தகவல் நிறுவனங்களின் ஏட்டில் ஏறும்; அடுத்த முறை எந்த வங்கிக்குப் போனாலும் அந்தப் பதிவு அவருக்கு முன்னே போய் உட்கார்ந்திருக்கும்.

இதை வைத்து வங்கிகளைத் திட்டுவது என் நோக்கமில்லை. 90 நாள் விதி இறுக்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு, அந்தக் காரணம் நியாயமானது. 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தபோது போட்டவர்களின் பணம் சிக்கியது. அந்த அதிர்ச்சியில்தான் 1962-இல் வைப்புக் காப்பீடு வந்தது. அன்று ஒரு வைப்பாளருக்குக் காப்பு 1,500 ரூபாய். அது படிப்படியாக உயர்ந்து ஒரு லட்சத்தில் பல ஆண்டுகள் நின்று, 2020 பிப்ரவரியில்தான் ஐந்து லட்சமானது. அதே ஆண்டு நவம்பரில் கரூரில் 1926-இல் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று தடை வந்தது. பத்தே நாளில் அது சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டது. வைப்பாளருக்கு ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, பங்குதாரருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அந்தப் பத்து நாளும் அவ்வங்கியோடு எந்தத் தொடர்பும் இல்லாத நம் பக்கத்துக் கிளைகளில்கூட, "சார், நம்ம பணம் பத்திரமா இருக்குல்ல?" என்று கேட்டு வந்தவர்கள் பலர். கருவாடு விற்றுச் சேர்த்த பணத்தைப் போட்டிருக்கும் பெண்ணுக்கு வங்கியின் உறுதி என்பது பொருளாதார நூலில் படிக்கும் சங்கதி இல்லை. ஆகவே வாராக்கடனை மூடி மறைக்காமல் காட்டு என்று சொல்லும் விதி அவருக்காகவும்தான் இருக்கிறது.

மூடி மறைத்த காலம் ஒன்று இருந்தது. 2015-இல் ரிசர்வ் வங்கி சொத்துத் தர ஆய்வு என்று ஒன்றைத் தொடங்கி, வங்கிகளின் ஏடுகளைத் திறந்து பார்த்த பிறகுதான் உண்மை நிலை வெளியே வந்தது. 2018 மார்ச்சில் இந்திய வங்கிகளின் மொத்த வாராக்கடன் 11 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. நம் பகுதியில் அதிகம் புழங்கும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 2015 அக்டோபரில் உடனடித் திருத்த நடவடிக்கை என்ற கண்காணிப்புக்குள் போய், 2021 செப்டம்பரில்தான் வெளியே வந்தது. இத்தனை பெரிய பள்ளத்தை வெட்டியவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 2017 ஜூனில் ரிசர்வ் வங்கி திவால் சட்டத்தின் கீழ் கொண்டுபோகச் சொன்ன 12 கணக்குகளில் மட்டும் நாட்டின் மொத்த வாராக்கடனில் ஏறக்குறைய கால் பங்கு அடங்கியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை எஃகு ஆலைகள் முதலான பெருநிறுவனங்கள். வலையும் வல்லமும் அந்தப் பட்டியலில் இல்லை. 2025 மார்ச்சில் வாராக்கடன் விகிதம் 2.3 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. இது பெரிய சாதனை. ஆனால் சட்டியைச் சுட்டவர் ஒருவர், கை சுட்டுக்கொண்டவர் இன்னொருவர் என்பதுபோல், பெருங்கடன்கள் கற்பித்த அச்சத்தில் சிறு கடனுக்கும் பிணையம் கேட்கும் பழக்கம் கிளை மட்டத்தில் இறுகிப்போனது.

எங்கள் கரையில் அந்தப் பிணையம் தங்கம். இதற்குப் பின்னால் ஒரு தெளிவான தர்க்கம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள இதே மாவட்டத்தின் பழைய கதை ஒன்று உதவும். 1985-இல் பிரிக்கப்படும் வரை காரைக்குடியும் இராமநாதபுரம் மாவட்டம்தான். அங்கிருந்து போன நகரத்தார் கீழ் பர்மாவின் நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்து, அந்நாட்டின் நெல் ஏற்றுமதிக்கே முதுகெலும்பாக நின்றார்கள். கடனுக்குப் பிணையம் வயல். 1930-ஐ ஒட்டி உலகமெங்கும் மந்தம் வந்து நெல் விலை சரிந்தபோது, கடன் வாங்கியவரால் கட்ட முடியவில்லை; அதே காரணத்தால் வயலின் விலையும் சரிந்தது. பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார்களின் கையில் இருந்த சாகுபடி நிலம் 6 சதவீதம். 1937-இல் 25 சதவீதம். பணமாக வர வேண்டியது விற்க முடியாத நிலமாக வந்து சேர்ந்தது, பிறகு போரும் அரசியலும் அந்த நிலத்தையும் கொண்டுபோயின. அதே 1937 பிப்ரவரியில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி திறக்கப்பட்டது என்பதையும் இதனோடு சேர்த்து நினைத்துப் பார்க்கலாம்.

கடன் கெடும் அதே காரணத்தால் பிணையமும் கெடுமானால் அது பிணையமே இல்லை என்பதுதான் பர்மா காட்டியது. படகு அப்படிப்பட்ட பிணையம். கடல் கெட்டால் ஒரு படகு மட்டும் கெடாது. புயல் எச்சரிக்கை வந்தாலும் தடை வந்தாலும் மண்டபத்திலிருந்து பாம்பன், தங்கச்சிமடம், இராமேசுவரம் வரை எல்லா விசைப்படகும் ஒரே நாளில் கட்டிக் கிடக்கும், அன்று படகு விற்கப் போனால் வாங்க ஆள் இருக்காது. எல்லைக்கு அப்பால் பிடிபட்ட படகு இலங்கையில் அரசுடைமை ஆகிவிட்டால் பிணையமே கண்ணில் படாது, கடன் மட்டும் கரையில் நிற்கும். (கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடி வலை அக்கரை மீனவர்களின் வலையையும் வாழ்வையும் அறுக்கிறது என்பதும் உண்மை, இலங்கை 2017-இல் அந்த முறையையே சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறது. அந்தப் பேச்சு தனி.) தங்கம் அப்படியில்லை. இறால் வரத்துக்கும் தங்கத்தின் விலைக்கும் சம்பந்தமே கிடையாது. பாம்பனில் ஒருவரும் கடலுக்குப் போகாத நாளிலும் லண்டன் சந்தையில் அதன் விலை நிற்கும். ஆகவே வங்கியின் கண்ணோட்டத்தில் மீனவருக்கு நகையின் பேரில் கடன் கொடுப்பது அப்பழுக்கில்லாத முடிவு. கிளையின் வாராக்கடன் ஏடு சுத்தமாக இருக்கும்.

அந்தச் சுத்தத்துக்கு யார் விலை கொடுக்கிறார் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விஷயம். கடலின் அபாயம் எங்கும் போய்விடவில்லை. வங்கியின் ஏட்டிலிருந்து எடுத்து வீட்டுப் பெண்ணின் கழுத்தில் வைத்திருக்கிறோம்.

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கடலோரக் கிளை ஒன்றின் நகைக்கடன் மேசைக்குப் பக்கத்தில் அரை நாள் உட்கார்ந்து பாருங்கள். மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் இழுத்து, அமிலம் தொட்டு, கல் எடை கழித்து நிகர எடையைச் சீட்டில் எழுதுவார். ஐந்து பவுன் என்றால் 40 கிராம். பவுன் 70,000 ரூபாய் விற்ற 2025 ஏப்ரல் கணக்கில் அதன் மதிப்பு மூன்றரை லட்சம். அந்த ஆண்டு ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய நெறிமுறைப்படி, இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு மதிப்பில் 85 சதவீதமும், ஐந்து லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் கொடுக்கலாம். ஆண்டு முடிவில் அசலும் வட்டியும் ஒன்றாகக் கட்டும் கடன் என்றால் வட்டியையும் சேர்த்தே அந்த வரம்புக்குள் அடக்க வேண்டும். நம் ஐந்து பவுனுக்கு 80 சதவீதம் 2,80,000 ரூபாய். வட்டி 9 சதவீதம் என்று கொண்டால் கையில் வருவது 2,57,000-ஐ ஒட்டி. இது கடன் வாங்குபவருக்கு எதிரான விதி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வட்டி ஏறி ஏறிக் கடன் நகையின் மதிப்பை எட்டிவிட்டால் முதலில் மூழ்குவது நகைதான்.

உண்மையில் கசப்பை உண்டாக்கியது வேறொன்று. முன்பெல்லாம் ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி நகையை மாற்றி வைத்துக்கொள்வார்கள். 2024 செப்டம்பரில் நகைக்கடன் நடைமுறைகளில் உள்ள கோளாறுகளைச் சுட்டி ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்ட பிறகு, பல வங்கிகள் அசலையும் முழுவதாகக் கட்டி நகையை மீட்ட பிறகே மறுபடி அடகு வைக்கலாம் என்று கேட்கத் தொடங்கின. இரண்டரை லட்சத்தை ஒரு நாளுக்கு யார் கொடுப்பார்? கொடுப்பதற்கென்றே ஆள் வந்தார்கள். காலையில் பணத்தைக் கட்டி, நகையை மீட்டு, மாலைக்குள் மறுபடி வைத்து, வந்த பணத்தில் ஒரு நாள் கடனை அடைத்து, அதற்கு ஆயிரக்கணக்கில் கூலி கொடுத்துவிட்டுப் போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். வங்கியின் ஏட்டில் ஒரு கடன் முடிந்து ஒரு கடன் பிறந்திருக்கும். வீட்டின் ஏட்டில் கடன் அப்படியே இருக்கும், ஒரு செலவு கூடியிருக்கும். கடனைச் சாகாமல் நீட்டிக்கொண்டே போவதைத் தடுக்க நினைத்த ரிசர்வ் வங்கியின் நோக்கம் சரிதான். ஆனால் வரவே இல்லாத மே மாதத்தில் ஆண்டுத் தவணை விழும்படி கடன் எழுதப்பட்டிருந்தால் எந்த நல்ல நோக்கமும் வட்டிக்காரருக்கே வேலை கொடுக்கும்.

வங்கிக்கு மாற்றாக இந்தக் கரையில் என்ன இருக்கிறது என்றால், வியாபாரியின் முன்பணம் இருக்கிறது. நண்டு, கணவாய், இறால் எடுக்கும் கம்பெனிக்காரர்கள் படகு உரிமையாளருக்கும் ஆள்களுக்கும் முன்பணம் கொடுத்து வைப்பார்கள். வட்டி என்று எதுவும் எழுதப்படாது. பிடித்ததை அவரிடமே போட வேண்டும். அவர் சொல்வதே விலை, அதிலும் ஒரு பங்கு கழிவு. கணக்குப் போட்டுப் பார்த்தால் வங்கி வட்டியைவிடப் பல மடங்கு ஆகும் என்று தங்கச்சிமடத்தில் ஒரு படகு வீட்டம்மாவிடம் நான் ஒரு முறை விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அவரு கழிவு பிடிக்கிறது எங்களுக்குத் தெரியாதா சார்? தெரியும். ஆனா போட்டு (படகு) கட்டிக் கெடக்கையில அவரு வாசலுக்கு வந்து கேக்க மாட்டாரு. போட்டு ஓடுனாத்தான் அவருக்கும் ஓடும். உங்க பேங்குல போட்டு ஓடுதா கெடக்குதான்னு யாரு பாக்குறா?"

முன்பணம் என்பது பேருக்குத்தான் கடன். நடைமுறையில் அது ஒரு வகைக் கூட்டு. பாடு வந்தால் பங்கு, வராவிட்டால் காத்திருப்பு. கடலின் அபாயத்தில் ஒரு பகுதியை வியாபாரி தன் தோளில் ஏற்றுக்கொள்கிறார். அதற்காகக் கொடுமையான விலை வாங்குகிறார் என்பதும், அந்தப் பிடியிலிருந்து ஒரு தலைமுறை முழுக்க வெளியே வர முடியாமல் போவதும் உண்மை. ஆனால் வங்கி அவருடைய வட்டியோடு மட்டும் போட்டி போடுகிறது. அவர் கொடுக்கும் காத்திருப்போடு போட்டி போடுவதில்லை. கீழக்கரை போன்ற ஊர்களில் பைத்துல்மால் என்ற முஸ்லிம் சமூகப் பொதுநிதி நகையின் பேரில் வட்டியில்லாக் கடன் கொடுப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வட்டி வேண்டாம் என்று ஒதுங்கியிருப்பவர்களுக்காக வங்கிகளில் தனிப் பிரிவு திறக்கலாமா என்று ரிசர்வ் வங்கி சில காலம் ஆராய்ந்து, 2017-இல் கைவிட்டது. கொடுத்தவரும் வாங்கியவரும் இலாப நட்டத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு நம் கடற்கரைக்குப் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு நேர் எதிர்க்கோடியில் நிற்பது வாரக் குழுக் கடன். நுண்கடன் நிலுவையில் தமிழ்நாடு இந்தியாவின் முதல் சில மாநிலங்களில் ஒன்று. கையெழுத்து போட்டால் போதும், நகை வேண்டாம், வீட்டு வாசலுக்கே வந்து கொடுப்பார்கள். வாசலுக்கே வந்து வாங்கவும் செய்வார்கள். 2022-இல் வந்த விதிப்படி ஆண்டு வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்கும் குடும்பத்துக்குத்தான் இக்கடன்; எல்லாக் கடனின் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. எந்த மாதத்து வருமானம்? ஜனவரியில் கேட்டால் ஒரு தொகை, மே மாதத்தில் கேட்டால் சுழியம். விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. கணவர் விசைப்படகில் ஆள், மனைவி மீன் விற்கிறார் என்றால் இரண்டு வருமானம் என்று எழுதிக்கொள்கிறார்கள். இரண்டும் ஒரே கடலிலிருந்து வருவதால் ஒரே நாளில் நிற்கும் என்பதற்கு அதில் இடமில்லை. மே மாதத் தவணைக்கு இன்னொரு குழுவில் வாங்கி, அதைக் கட்ட மூன்றாவதில் வாங்கி என்று போன பிறகு, ஒருவருக்கு இத்தனை நிறுவனத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று நுண்கடன் நிறுவனங்களின் கூட்டமைப்பே 2024-இல் வரம்பு கட்ட வேண்டியிருந்தது. மிரட்டி வசூலிப்பதைத் தடுக்கத் தமிழ்நாடு அரசும் 2025-இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நோய்க்கு மருந்து தேவைதான். நோயின் ஒரு வேர் தவணை அட்டையில் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

தவணையைத் தொழிலோடு பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு மண்டபத்துக் கடற்பாசியே சான்று. எங்கே அது போதாது என்பதற்கும் அதுவே சான்று. 2000-ஐ ஒட்டி மண்டபம் பகுதியில் கப்பாபைகஸ் என்ற பாசியை மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் தொழில் வந்தது. பெப்சி நிறுவனம் கொள்முதல் ஒப்பந்தம் போட்டது, சுயஉதவிக் குழுக்களுக்கு வங்கி கடன் கொடுத்தது. பாசி முற்றுவதற்கு 45 நாள் ஆகும். ஆளுக்கு 45 மிதவை. நாளுக்கு ஒரு மிதவை கட்டி நாளுக்கு ஒரு மிதவை அறுத்தால் ஆண்டு முழுக்க அன்றாட வரவு. கடன் வரலாற்றில் இதைவிட அழகாக வரவும் தவணையும் பொருந்திய திட்டத்தை நான் பார்த்ததில்லை. கொள்முதல் செய்பவரே தவணையைப் பிடித்து வங்கிக்கு அனுப்பும்படியும் அமைத்துக்கொள்ள முடிந்தது. பிறகு 2013, 2014-ஐ ஒட்டி நீரின் வெப்பம் கூடி, நோய் பரவி, மிதவை மிதவையாகப் பாசி வெளுத்து அழிந்தது. 45 மிதவைகளும் 45 வேறு வேறு நாள்களில் இருந்தன. ஆனால் ஒரே தண்ணீரில் இருந்தன. நெல்லுக்கு 2016 முதல் பிரதமர் பயிர்க் காப்பீடு இருக்கிறது. பாசிக்கும் படகுக்கும் அதற்கு இணையாகப் பரவலாக ஒன்றும் இல்லை. வானிலை மையம் எச்சரிக்கை விட்டு டோக்கன் நிறுத்தப்பட்ட நாள்களை எண்ணி, இத்தனை நாளுக்கு மேல் போனால் இவ்வளவு என்று ஆய்வாளர் வராமலே கணக்கில் தொகை போடும் காப்பீட்டை இன்றைய தொழில்நுட்பத்தில் அமைப்பது கடினமே இல்லை. வளமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 127 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் ஒரு சிறு துளி இதற்குப் போனால் வங்கிகள் மறுபடி மிதவைக்குக் கடன் கொடுக்கத் துணியும்.

ஆழ்கடல் படகுத் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 ஜூலையில் இராமேசுவரத்தில் தொடங்கப்பட்ட அந்தத் திட்டத்தில் ஒரு படகின் விலை 80 லட்சம்: மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, உரிமையாளர் 8. மூன்று ஆண்டில் 2,000 படகு என்பது இலக்கு. கட்டி முடிந்தது அதில் சிறு பகுதிதான். பழைய விசைப்படகை ஒப்படைத்துவிட்டு, பழக்கமில்லாத சூரைத் தூண்டிலுக்கு மாறி, முதல் இரண்டு ஆண்டு பாடு எப்படி இருக்கும் என்று தெரியாத நிலையில் முதல் மாதத்திலிருந்து தவணை என்றால் யார் துணிவார்? மானியம் தாராளமாக இருந்தது. கடன் பழைய அச்சிலேயே வார்க்கப்பட்டிருந்தது.

இனி புதுமைக்கு வருவோம். யுபிஐ 2016-இல் வந்தது. இன்று பாம்பன் ஏலக் கூடத்தில் மீன் கூடையை எடுப்பதற்குள் பணம் கைபேசியில் வந்துவிடுகிறது. வாடிக்கையாளரின் இசைவோடு அவருடைய வங்கிக் கணக்கு விவரத்தை இன்னொரு நிறுவனம் பார்க்க வழிசெய்யும் கணக்குத் திரட்டி முறை 2021-இல் தொடங்கியது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி முன்னோட்டமாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த கடன் இடைமுகம் உழவர் கடன் அட்டைக்கும் பால் மாட்டுக் கடனுக்கும் நில ஆவணத்தையும் பால் ஊற்றிய கணக்கையும் நொடியில் எடுத்துக் கொடுக்கிறது. இவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு பட்டாவுக்காக மூன்று முறை தாலுகா அலுவலகம் போய் வந்த விவசாயியை எனக்குத் தெரியும். ஆனால் இவை எல்லாமே கடனைக் கொடுக்கும் பக்கத்தில் நடந்த புதுமைகள். வாரக்கணக்கில் ஆனது நிமிடத்தில் நடக்கிறது. திருப்பிக் கட்டும் பக்கத்தில் நடந்த ஒரே புதுமை, 5-ஆம் தேதி காலையில் கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. பணம் இல்லாவிட்டால் அதற்குத் தண்டம்.

பால் ஊற்றிய கணக்கை வைத்து மாட்டுக் கடன் கொடுக்க முடியுமானால், ஏலச் சீட்டை வைத்துப் படகுக் கடன் கொடுக்க முடியாதா? பட்டா இல்லாத மீனவருக்கு அதைவிட நல்ல ஆவணம் இரண்டு இருக்கின்றன: எந்தெந்த நாள் படகு போனது என்ற டோக்கன் பதிவும், எவ்வளவுக்குப் போனது என்ற கைபேசி வரவும். ஓராண்டு வரவை வரிசையாக வைத்துப் பார்த்தால் தடைக்காலத்து வெற்றிடமும் வாடைக்காலத்து இடைவெளிகளும் எந்தக் குழந்தைக்கும் தெரியும். இன்றைய கடன் மதிப்பெண் முறை அந்த வெற்றிடத்தைப் பலவீனம் என்று எடுத்துக்கொள்கிறது. அதையே தவணை அட்டவணையாக மாற்றினால் வரவில் இத்தனை சதவீதம் என்று பாட்டுக்குப் பாடு பிடித்துக்கொள்ளலாம். இதற்குப் புதுக் கண்டுபிடிப்புகூடத் தேவையில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மீனவர் சங்கங்கள் ஏலத்தைத் தாங்களே எடுத்து நடத்தி, விற்ற தொகையில் ஒரு பங்கைக் கடனுக்கு வரவு வைக்கும் முறையைக் கணினி வருவதற்கு முன்பே நடத்திக் காட்டியிருக்கின்றன. வியாபாரியின் காத்திருப்பும் வங்கியின் வட்டியும் ஒரே இடத்தில் சேர்ந்தது அங்கேதான்.

இதனால் வங்கியின் உறுதி குலையாதா என்று என் பழைய சகாக்கள் கேட்பார்கள். ஒரு கரை முழுவதும் ஒரே நாளில் கட்டத் தவறும் என்பது உண்மை. அந்த அபாயத்தைத் தனி ஒரு கிளையின் தலையில் கட்டக்கூடாது என்பதும் உண்மை. ஆனால் நாடு முழுக்கப் பரந்த வங்கிக்கு இராமநாதபுரத்தின் தடைக்காலம் ஒரு தூசு. ஒரு குடும்பத்தின் ஐந்து பவுனுக்கு அது முழுச் சுமை. அபாயத்தைத் தாங்கும் வலு அதிகம் உள்ளவரிடமிருந்து குறைவாக உள்ளவரிடம் தள்ளிவிட்டு, அதன் பெயர் உறுதி என்று நாம் ஏட்டில் எழுதிக்கொள்கிறோம்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019-இல் மீனவருக்கும் உழவர் கடன் அட்டை உண்டு என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டபோதே, தொழிலின் வரவுப் போக்கை ஒட்டித் திருப்பிச் செலுத்தும் காலத்தை வகுக்கலாம் என்று அதில் எழுதியிருக்கிறது. இரண்டு லட்சம் வரை வட்டிச் சலுகை உண்டு. காலத்தில் கட்டினால் 4 சதவீதம்தான். பிணையமில்லாக் கடனின் வரம்பும் 2025 ஜனவரி முதல் இரண்டு லட்சம். அதே ஆண்டு ஜூலையில், வாடிக்கையாளர் தாமாக முன்வந்து நகை வைத்தால் அது விதிமீறல் ஆகாது என்று ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில், முன்வருதல் எப்படி நிகழ்கிறது என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே அட்டை எடுக்கப் போகிறவர்கள் விண்ணப்பத்தில் கையெழுத்து போடுவதற்கு முன் ஆண்டுத் தவணை எந்த மாதத்தில் விழுகிறது என்று பாருங்கள். மார்ச் 31-ஐ ஒட்டிப் போட்டிருப்பார்கள், அது கிளையின் வசதி. தடை முடிந்து இறால் வரத்து நன்றாக இருக்கும் முதல் இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்டு கடைசி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். சுற்றறிக்கையைக் காட்டிக் கேட்டால் மறுக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. இன்னொன்று. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் தடைக்கால நிவாரணத்தை 5,000-லிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதலமைச்சர் அறிவித்தார். 61 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். அந்தப் பணம் வந்து விழும் கணக்கும் தவணை தானாகப் பிடிக்கப்படும் கணக்கும் பெரும்பாலான வீடுகளில் ஒன்றுதான். குழுக் கடனுக்குக் கையெழுத்து போடும்போது வேறொரு கணக்கின் எண்ணைக் கொடுங்கள்.